கொள்ளிடம் மணலில் ஏழு வாரக் கெடு: பட்டாணி உப்புக்கொத்தி எப்படி வாழ்கிறது?

சித்திரை வெயிலில் கொள்ளிடம் வெறும் மணல்காடு. ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பர் 1 டோல்கேட் போகிற பாலத்தில் நின்று பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரிதான் தெரியும். கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். குடுகுடுவென ஓடி, சட்டென நின்று, ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடும் சின்னப் பறவை கண்ணில் படலாம். அதுதான் பட்டாணி உப்புக்கொத்தி.

நீளம் 15 செ.மீ. சொச்சம். மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தில் கறுப்புப் பட்டை. கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம்தான் சரியான அடையாளம். ஈர மண்ணை ஒரு காலால் படபடவெனத் தட்டி அதிரவைத்து, அசையும் பூச்சி, புழுவைக் கொத்தும். இதன் அறிவியல் பெயரில் வரும் 'டூபியஸ்' என்பதற்குச் 'சந்தேகத்துக்குரிய' என்று பொருள். இது தனி இனம்தானா என்ற சந்தேகத்தோடுதான் 1786-ல் ஸ்கோபோலி பெயர் வைத்தார்!

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து திரும்புபவை ஒரு வகை. இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிப்பவை இன்னொரு வகை. இவை பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை முட்டையிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது; மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மூன்று நான்கு முட்டை, அவ்வளவுதான். கூழாங்கல்லோடு கலந்துவிடும் நிறம் என்பதால் பக்கத்தில் போனாலும் தெரியாது. அந்த மறைவு நாய்க்கும் காக்கைக்கும் சரி. டிராக்டர் சக்கரத்துக்கு?

அடைகாக்க மூன்றரை வாரம். பொரித்த குஞ்சு சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கினாலும், பறக்க இன்னும் மூன்றரை வாரம் வேண்டும். மொத்தம் ஏழு வாரம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஏப்ரல் நடுவில் முட்டையிட்ட ஜோடி தப்பிக்கும். மே நடுவில் இட்டால் காவிரி மணல்திட்டில் கஷ்டம்தான். 2022-ல் மே 24-லேயே அணை திறந்தாச்சு. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடமோ வெள்ள உபரிக்கான வடிகால். அங்கே தண்ணீர் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும்.

மணலில் நடக்கையில் ஒரு பறவை இறக்கை ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு முன்னால் தத்தினால், அது நடிப்பு. முட்டையோ குஞ்சோ காலடிப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியே நின்று, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.