செலவழிப்பதா, எடுத்து வைப்பதா? சில்லறைக்குள் ஒரு அறிவியல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கி, மிச்சக் காசைக் கையில் வாங்குகிறோம். பத்து ரூபாக் குத்திகள் இரண்டு, ஐந்து ரூபா ஒன்று. ஒன்றில் மட்டும் வழக்கத்தில் இல்லாத ஒரு சித்திரம் தெரிகிறது. இதை பஸ்ஸில் கொடுத்துவிடுவதா, வீட்டில் எடுத்து வைப்பதா? பார்வைக்கு அற்பமான கேள்வி. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக இதே முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்து வந்திருக்கிறார்கள். எந்தக் காசு இன்று கல்லாப்பெட்டியில் புழங்குகிறது, எந்தக் காசு பண்டைய ஊரான கந்தரோடையின் மண்ணுக்குள் கிடந்தது என்பதையெல்லாம் அந்த முடிவுகளே தீர்மானித்தன. காசு கைமாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு சல்லடையில் விழுகிறது. சில தங்கிவிடும், மற்றவை கீழே ஓடிவிடும்.

அந்தச் சல்லடை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இலங்கையின் ஐம்பது சதமே நல்ல சாட்சி. 1892 முதல் இங்கு பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் வெள்ளியில் வந்தன. ஐம்பது சதத்தின் எடை 5.83 கிராம், அதில் 80 வீதம் வெள்ளி. முதலாம் உலகப் போரை அடுத்து வெள்ளி விலை ஏறியது. 1919 முதல் வெள்ளியின் அளவை 55 வீதமாகக் குறைத்தார்கள். எடையும் பெறுமதியும் மாறவில்லை, உள்ளே இருந்த வெள்ளி மட்டும் ஏறத்தாழ 4.7 கிராமிலிருந்து 3.2 கிராமுக்கு இறங்கியது. இரண்டு காசுக்கும் கடையில் ஒரே சாமான்தான் கிடைக்கும் என்றால், விஷயம் தெரிந்தவர் எதைக் கொடுப்பார், எதை வைத்துக்கொள்வார்? 1943இல் ஐம்பது சதம் நிக்கல் பித்தளைக்கு மாறியதும் அந்த 55 வீதக் காசும் ‘நல்ல காசு’ ஆகி, புழக்கத்திலிருந்து ஒதுங்கத் தொடங்கியது.

மட்டமான காசு நல்ல காசைத் துரத்திவிடும் என்ற இந்த விதிக்கு, 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிதி ஆலோசகர் தோமஸ் கிரஷாமின் பெயரை 1858இல் ஹென்றி மக்லியொட் என்ற பொருளியலாளர் சூட்டினார். ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கொப்பர்னிக்கஸ், 1520களிலேயே நாணயம் பற்றிய தம் கட்டுரையில் இதை விளக்கிவிட்டார். இன்றைய சில்லறையில் வெள்ளிக் காசு அகப்படாததற்குக் காரணம் நம் துரதிர்ஷ்டமல்ல. நமக்கு முன் அதைக் கையில் எடுத்த அத்தனை பேரும் யோசித்திருக்கிறார்கள்.

சரி, இன்று கிடைக்கும் காசில் எதைப் பார்ப்பது? முதற் சோதனைக்கு ஒரு காந்தத் துண்டு போதும். 2005இல் வந்த ஒரு ரூபா, இரண்டு ரூபா, ஐந்து ரூபாக் குத்திகள் உருக்கின் மேல் பூச்சிட்டவை. காந்தம் இழுத்துக்கொள்ளும். 1984இல் வந்த தடித்த ஐந்து ரூபாவை அது தொடாது. 1963இல் வந்த ஒரு ரூபாவும் ஒட்டாது, ஆனால் அங்கே ஒரு வியப்பு இருக்கிறது. அது செப்பும் நிக்கலும் கலந்த உலோகம். நிக்கல் தனியே இருந்தால் இரும்பைப் போலக் காந்தத்தால் கவரப்படும். நிக்கல் அணுவின் வெளிப்பகுதியில் சோடி சேராத இலத்திரன்கள் இருப்பதே அதற்குக் காரணம். செப்பு அதிகமாகக் கலக்கும்போது அதன் மேலதிக இலத்திரன்கள் அவற்றோடு சோடி சேர்ந்துவிடுகின்றன. காந்தக் குணம் அறை வெப்பநிலையில் காணாமற் போகிறது. காந்தத்தில் ஒட்டாத செப்பு-நிக்கல் காசு போலியல்ல, அது அதன் இயல்பு.

உலோகத்தை விட்டால் அடுத்தது அருமை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 1987இல் சர்வதேச வீடற்றோர் புகலிட ஆண்டையொட்டிப் பத்து ரூபா, 1995இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஐந்து ரூபா, 1998இல் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு இரட்டை உலோகப் பத்து ரூபா என மத்திய வங்கி பல ஞாபகார்த்தக் குத்திகளை வெளியிட்டது. 2013இல் 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பத்து ரூபாக் குத்திகள் வந்தன, யாழ்ப்பாணத்துக்கும் ஒன்று. விசேஷக் காசு என்று எல்லோரும் எடுத்து வைக்கும் ஒன்று, பிற்காலத்திலும் எல்லோர் வீட்டிலும் இருக்கும். ஒருவரும் திரும்பிப் பார்க்காத சாதாரணக் காசு ஓடி ஓடித் தேய்ந்துவிடும், அதில் தேயாத ஒன்று கிடைப்பதுதான் அரிது. அதனால் ஆண்டைப் பார்ப்பதோடு நிற்காமல், காசின் முகத்தையும் பாருங்கள். மேடான இடங்களில் தேய்வு இல்லாமல், சாய்த்துப் பிடித்தால் ஒளி சுழன்று ஓடுகிறதா? அச்சு அழுத்தும்போது உலோகம் வெளிநோக்கி வழிந்து விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகள்தான் அந்த ஒளியைச் சுழற்றுகின்றன. சில ஆண்டுகள் கைமாறினாலே அவை அழிந்துவிடும்.

இதில் தேறாத காசை எடுத்து வைப்பது நட்டம். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். ஓராண்டு உண்டியலில் கிடந்த நூறு ரூபாச் சில்லறைக்கு, முந்தைய ஆண்டு 59 ரூபாவுக்கு வாங்கிய அளவு சாமான்தான் அப்போது கிடைத்திருக்கும். இன்னொரு பக்கம், குத்திகள் உண்டியல்களில் அடைபட்டால் கடைக்காரர் மிச்சத்துக்கு ரொபி தருவார். சில்லறைத் தட்டுப்பாடு இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 1942இல் போர்க்காலத்தில் சதங்களுக்கே கடதாசி நோட்டு அடித்தார்கள். ஐந்து சத நோட்டைக் கிழித்து, இரண்டு சதமாகவும் மூன்று சதமாகவும் செலவழிக்க முடிந்தது!

எடுத்து வைப்பதென்று தீர்மானித்தால், அடுத்த ஆபத்து நம் குசினியில் இருக்கிறது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற கை, பழைய செப்புச் சதத்தையும் துலக்கப் பார்க்கும். புளியில் உள்ள தாத்தாரிக் அமிலம் அழுக்கோடு சேர்த்து, காலம் படியவைத்த ஒட்சைட்டுப் படலத்தையும், அந்த நுண்கோடுகளையும் கரைத்துவிடும். விளக்கு மின்னினால் அழகு. காசு மின்னினால் சேகரிப்பவர் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுவார். குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்குத் தூரமில்லை, அது இரண்டாவது ஆபத்து. உப்புக் காற்றின் குளோரைட்டு செப்போடு சேர்ந்து, ஈரமும் ஒட்சிசனும் பட்டதும் ஐதரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மேலும் செப்பை அரிக்கும், அரித்ததிலிருந்து மறுபடி அமிலம் பிறக்கும். காசில் வெளிர்பச்சைப் பொடி பூத்தால் அது இந்த ‘வெண்கல நோய்’. பொலித்தீனில் கட்டாமல், கடதாசி உறையில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள்.

இனி மண்ணுக்குப் போவோம். தொல்லியலாளர் பழங்காசுகளை இரண்டாகப் பிரிப்பார்கள்: புதையலாகக் கிடைப்பவை, சிதறிக் கிடைப்பவை. புதையல் என்பது யாரோ எடுத்து வைத்தது. அதனால் அதில் கனமான, நல்ல காசுகள் மிகையாக இருக்கும். சிதறிக் கிடப்பவை தவறி விழுந்தவை. சின்னக் காசு விழுந்தால் யாரும் தேடமாட்டார்கள். ஆகவே அன்றாடச் சந்தை எப்படி நடந்தது என்பதைச் சிதறிய செப்புக் காசுகளே நேர்மையாகச் சொல்லும். 1917ஐ அடுத்து வரலாற்றாய்வாளர் போல் ஈ. பீரிஸ் கந்தரோடையில் ஆராய்ந்த காசுகளும், நல்லூரிலிருந்து ஆண்ட யாழ்ப்பாண அரசர்கள் நந்தியும் ‘சேது’ என்ற சொல்லும் பொறித்து வெளியிட்ட செப்புக் காசுகளும் அப்படித்தான் பேசுகின்றன. சேதுக் காசு யாழ்ப்பாண அரசர்களுடையது என்பதை வரலாற்றறிஞர் ஞானப்பிரகாசர் சுவாமிகள் முதலானோர் நிறுவினார்கள். அந்த அரசர்களின் நாணய வரலாற்றை எழுத முடிந்ததே, சாதாரண மனிதர் செலவழித்த காசுகள் மிஞ்சியதால்தான்.

ஆனால் ஒரு காசு எந்த இடத்தில், எந்த மண்படையில், எவற்றோடு கிடந்தது என்று தெரியாவிட்டால் அதன் சாட்சியில் பாதி போய்விடும். கிணறு வெட்டும்போதோ, தோட்டம் கொத்தும்போதோ பழங்காசு அகப்பட்டால், அது செலவழிப்பதா வைப்பதா என்ற கேள்விக்குள் வராது. 1815 மார்ச் 2க்கு முந்தியவை 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள்கள். கழுவாமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

சந்தையில் கிடைத்த காசுக்கு விதி எளிது. வெள்ளியானால் வையுங்கள். தேயாத ஞாபகார்த்தக் குத்தியானால், வகைக்கு ஒன்று வையுங்கள். புத்தம் புதுச் சாதாரணக் காசிலும் ஆண்டுக்கு ஒன்று வையுங்கள், அதைத்தான் மற்றவர்கள் மறப்பார்கள். மீதியையெல்லாம் நாளைக்கே கடையில் கொடுத்துவிடுங்கள்.