அப்பாவின் பாதம் எரிகிறதா?

மாணவர்களே, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, “பாதம் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு” என்கிறாரா? நின்ற களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். அது புற நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம்.

இதற்கு முக்கியக் காரணம் இனிப்பு நீர். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு அது உண்டு. இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடியிருந்தால் நரம்புகளும் அவற்றுக்கு இரத்தம் தரும் நுண்குழாய்களும் பழுதாகும். முதுகிலிருந்து கால்விரல் வரை ஓடும் நீண்ட நரம்புகளே முதலில் பாதிக்கப்படும்.

“மூன்றே நாளில் குணம்” என்று இரவுச் சந்தையில் விற்பதை வாங்கலாமா? பதிவு பெறாத சில ஜாமு மருந்துகளில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. அது வலியை அடக்கும். ஆனால் சர்க்கரையை ஏற்றும். நோய்க்கான காரணமே வலுக்கும்!

மருந்தில் ‘எம்.ஏ.எல்.’ பதிவெண்ணும் ஹாலோகிராம் ஒட்டுவில்லையும் உண்டா என்று பாருங்கள். ஏற்கெனவே வேறு எதையாவது குடித்திருந்தால், அப்பா அதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. டாக்டர் சர்க்கரை அளவையும் வைட்டமின் பி12 அளவையும் சோதித்து, எரிச்சலுக்கு ஏற்ற மருந்து தருவார்.

தினமும் அவர் பாதத்தில் காயம் உண்டா என்று நீங்களே பாருங்கள். மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது.