ஒரு தாய் மக்கள், பல உடல்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி நடுகிறார்கள். சுருளிப்பட்டிக் கொடிக்கும் காமயகவுண்டன்பட்டிக் கொடிக்கும் மரபு ஒன்றுதான். ஆனாலும் மண்ணும் தண்ணீரும் மாறினால் குலையின் கனமும் பழத்தின் நிறமும் மாறுகின்றன. விலங்குகளில் இப்படியொன்றைப் பார்க்கத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போக வேண்டும்.

அங்குள்ள பாத்திகளில் மல்லாந்தபடி நீந்தும் பூச்சி போன்ற உயிரி ஆர்ட்டீமியா, அதாவது உப்பு இறால். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவு. முதுகில் ஓடு கிடையாது. தூத்துக்குடியின் சொந்த வகையில் எல்லாமே பெண். ஆண் துணையின்றியே முட்டை கருவாகிறது, மகள் ஏறக்குறைய தாயின் நகல். (ஆணும் பெண்ணுமாக வாழும் அமெரிக்க இனம் பிற்பாடு வந்து சேர்ந்தது.) ஆகவே ஒரு தாயின் மகள்கள் உருவத்தில் வேறுபட்டால், முதலில் தண்ணீரைத்தான் விசாரிக்க வேண்டும்.

உப்பு ஏற ஏற உடல் சிறுக்கிறது. வால் நுனியில் இரண்டாகப் பிரியும் கவை குட்டையாகி, அதிலுள்ள மயிர்களும் குறைகின்றன. கடும் உப்பில் கவையே மறைந்துபோகலாம். அடர்ந்த உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். அதை ஈடுகட்ட உடல் ஹீமோகுளோபினைக் கூட்டும்போது, வெளிறிய இறால் சிவக்கிறது. நெருக்கடி முற்றினால் குஞ்சு ஈனுவதை விட்டுவிட்டு, காய்ந்தாலும் ஆண்டுக்கணக்கில் உயிர் தாங்கும் தடித்த ஓட்டு முட்டைகளை இடுகிறது.

இந்த மாற்றங்கள் ஷ்மான்கெவிச் என்ற விஞ்ஞானியையே தடுமாற வைத்தன. 1871இல் ஒடெசா அருகே குயால்னிக் உப்பேரியில் கரை உடைந்து உப்புநீர் நீர்த்துப்போனது. அதன் அடர்த்தி, போமே அளவுகோலில், 8 டிகிரியிலிருந்து 1874இல் 25 டிகிரிக்கு ஏறியதை அவர் தொடர்ந்து கவனித்தார். நம் உப்பளங்களிலும் உப்பு விளைவது ஏறத்தாழ அந்த 25 டிகிரியில்தான். தலைமுறைதோறும் வால் கவை குறுகுவதைக் கண்டவர், ஓர் இனம் இன்னோர் இனமாகவே மாறுகிறது என்று எண்ணினார். அவர் கண்டது உண்மை, முடிவுதான் தவறு. உருவம் மாறினாலும் இனம் மாறவில்லை.

தண்ணீரின் பங்கையும் மரபின் பங்கையும் பிரிக்க நல்ல வழி, வெவ்வேறு ஊர் முட்டைகளை ஒரே உப்பில், ஒரே வெப்பத்தில், ஒரே தீனியில் வளர்ப்பது. அதற்குப் பிறகும் மிஞ்சும் வேறுபாடு மரபுடையது. வளர்ந்த உடலைத் தண்ணீர் வெகுவாக மாற்றினாலும், முட்டையின் அளவும் பொரிந்த குஞ்சின் அளவும் பெருமளவு வகையைப் பொறுத்தே அமைகின்றன. இறால் பொரிப்பகங்களுக்கு இது முக்கியம்: தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா குஞ்சு, அரை மில்லிமீட்டருக்குள் இருந்தாலும், இறால் குஞ்சின் வாய்க்குள் நுழைய வேண்டுமே!