பழைய கருவிக்குப் புதுமெருகு

நரம்புக் கருவிகளுள் காலத்தால் இளையவற்றுள் ஒன்று மின்விசைப் பேஸ் கித்தார். நான்கு தடித்த கம்பிகளை உடைய இக்கருவி, குழுவிசையில் தாழ்ந்த சுரங்களை ஒலித்து ஏனைய கருவிகளைத் தாங்கி நிற்கும். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ பெண்டர் என்பார் 1951-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியே இவ்வினம் உலகெங்கும் பரவ வழிகோலிற்று. வீணையின் குடம்போல இதன் உடல் குடைவுடையதன்று. திண்ணிய மரப்பலகையே ஆகும். கம்பியின் அதிர்வை மின்காந்தச் சுருள்கள் பெற்று ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றன.

இம்மரத்திற்கு மேற்பூச்சு எதற்கு? மரம் ஈரத்தை உண்டு விரியும், வறட்சியிற் சுருங்கும். வாசிப்போரின் வியர்வையும் அதனைக் கறைப்படுத்தும். இவற்றைத் தடுக்கும் தோலே மெருகுப்பூச்சு. 1950-களில் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் மெருகினை மெல்லியதாகத் தெளித்தனர். அது நாளடைவில் மஞ்சளித்து நுண்கீறல் கொள்ளும். பின்னாளில் வந்த பாலியெஸ்டர் பூச்சோ தடிப்பும் வன்மையும் உடையது.

பூச்சு மங்கிற்று என்பதொன்றே பற்றி அதனை உரிக்கத் துணிதல் கூடாது. தொழிற்சாலையில் இட்ட முதற்பூச்சு கருவியின் அகவைக்குச் சான்றாகும். அதனை இழந்த பழங்கருவியின் விலை பெரிதும் குறையும். உரித்ததை மீட்டும் கொணர எவராலும் இயலாது. பிறர் பின்னாளில் மேலே பூசிய வண்ணமாயினும், பூச்சு உதிர்ந்து மரம் வெளிப்பட்டிருப்பினும் உரித்தல் தகும்.

முதற்கண் கம்பிகளைத் தளர்த்திக் கழற்றுதல் வேண்டும். பின்பு மின்இணைப்புகளைப் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, கழுத்தையும் சுருள்களையும் பிரித்தல் வேண்டும். அடுத்து, மறைவான ஓரிடத்தில் அசிட்டோன் தோய்ந்த துணியை வைத்துப் பார்த்தால், நைட்ரோசெல்லுலோஸ் இளகும், பாலியெஸ்டர் இளகாது. இளகாத பூச்சினை வெப்பக் காற்றால் நெகிழ்த்திச் சுரண்டியாற் பெயர்க்கலாம். நைட்ரோசெல்லுலோஸ் எளிதில் தீப்பற்றுவது. ஆதலின் அதன்மேல் வெப்பம் காட்டலாகாது. அதனைக் கரைப்பானால் துடைத்தெடுத்தலே முறை. கரைப்பானும் தீப்பற்றுமாதலின் அருகில் நெருப்பு இருத்தல் கூடாது.

பழம்பூச்சின் தூளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். ஆதலின் காற்றோட்டமுள்ள இடமும், முகமூடியும், கையுறையும் இன்றியமையாதன. மெதிலீன் குளோரைடு கலந்த உரிப்புநீரின் ஆவி சிலர் உயிரையே போக்கியதுண்டு. அதனால் வண்ணம் உரிப்பதற்கு அதனைப் பொதுமக்களுக்கு விற்றலை அமெரிக்க அரசு 2019-ஆம் ஆண்டில் தடைசெய்தது.

பூச்சு நீங்கிய மரத்தை 120 எண்ணுள்ள உப்புத்தாளால் தொடங்கி, 220, 320 என நுண்ணிய தாள்களால் மர இழையின் போக்கிலேயே தேய்த்தல் வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் புதுமெருகின்கீழ்த் தெளிவாகத் தோன்றிவிடும். கழுத்துப் பொருந்தும் குழியைத் தேய்க்கலாகாது. அங்குச் சிறிது மரம் குறையினும் பொருத்தம் தளரும். ஆஷ் மரமாயின் அதன் நுண்துளைகளை அடைத்தல் வேண்டும். ஆல்டர் மரத்திற்குப் பெரும்பாலும் அது வேண்டுவதில்லை. பின்னர் மெல்லிய பூச்சுகளை ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக இடுவர். நைட்ரோசெல்லுலோஸாயின், கடைசிப் பூச்சு இறுகச் சில வாரங்கள் செல்லும். அதன் பின்னரே நீர் தொட்டு நுண்தாளால் தேய்த்து மெருகேற்றுவர்.

மேலே தோன்றும் ஒளி, அடியில் மரத்தைச் செப்பம் செய்த பொறுமையின் பயனே. உரிக்குமுன் ஆராய்க, உரித்தபின் விரையற்க.