கட்டாயம் இல்லாதவர்கள் காக்கும் இயங்குதளம்

டெபியன் இயங்குதளத்தின் சாசனத்தில் ஒரு விதி இருக்கிறது. இந்தத் திட்டத்துக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் கிடையாது. ஒப்படைக்கப்பட்ட வேலையில் விருப்பம் இல்லையென்றால் ஒருவர் அதைச் செய்யாமல் விட்டுவிடலாம். முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராக வேலை செய்யக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. 1998-ல் ஏற்கப்பட்ட இந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது. சம்பளம் இல்லை, மேலாளர் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஆனாலும், பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ ஆயிரம் உருவாக்குநர்களும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களும் சேர்ந்து, 2025 ஆகஸ்ட் 9 அன்று 'டிரிக்ஸி' என்ற பதிப்பை வெளியிட்டார்கள். அதில் 69,000-க்கும் அதிகமான மென்பொருள் பொதிகள் இருக்கின்றன.

டெபியன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதைப் பயன்படுத்தியிருக்கலாம். உபுண்டு அதன் மேல் எழுப்பப்பட்டது. ராஸ்பெரி பை சிறு கணினிகளின் இயங்குதளம் அதிலிருந்து வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தின் மடிக்கணினிகள் சில 2013-ல் டெபியனுக்கு மாற்றப்பட்டன. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயான் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிய முயற்சி இது.

யாரையும் கட்டாயப்படுத்த முடியாத இடத்தில் இவ்வளவு வேலை எப்படி நடக்கிறது? ஆர்வத்தால் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது பாதிதான் சரி. ஆர்வம் ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும். பத்து, பதினைந்து ஆண்டுகள் அதைத் தாங்கிப் பிடிக்காது. நடுவில் வேலை மாறும், குழந்தை பிறக்கும், உடம்பு சரியில்லாமல் போகும், அலுத்தும் போகும். டெபியனின் பலம், இதையெல்லாம் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு, ஒருவர் இல்லாதபோது இன்னொருவர் அவர் வேலையில் எப்படிக் கை வைப்பது என்பதற்கு விதி எழுதி வைத்திருப்பதில் இருக்கிறது.

முதலில், பொதி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒருவர் ஒரு மென்பொருளை எழுதி, மூலநிரலை வெளியிடுகிறார். அது அப்படியே நம் கணினியில் ஓடாது. அதை இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். அது ஓடுவதற்கு வேறு எந்தெந்த நிரலகங்கள் தேவை, கோப்புகள் எங்கே போய் உட்கார வேண்டும், எந்த உரிமத்தின் கீழ் கிடைக்கிறது, நீக்கும்போது எதையெல்லாம் துடைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். இதைச் செய்பவர் பராமரிப்பாளர். மூலநிரலோடு 'டெபியன்' என்ற பெயரிலேயே ஒரு அடைவைச் சேர்த்து, இந்த முடிவுகளை எல்லாம் அதற்குள் எழுதி வைக்கிறார். புத்தம் புதிய பொதி என்றால், களஞ்சியத்தைக் காக்கும் ஒரு சிறு குழு உரிம விவரங்களைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடும்.

அந்த அடைவுக்குள் இருக்கும் கோப்புகளில் நான் முதலில் திறந்து பார்ப்பது 'சேஞ்ச்லாக்'. ஒவ்வொரு முறை பொதி மாறும்போதும் என்ன மாறியது, ஏன் மாறியது, எந்த எண்ணுள்ள வழு தீர்ந்தது, யார் செய்தார், எந்த நாள், எந்த நேரம் என்று அதில் பதிவாகும். பதிப்பு எண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1.2-3 என்று இருந்தால், 1.2 என்பது மென்பொருளை எழுதியவர் கொடுத்த எண். கோட்டுக்குப் பின் வரும் 3, டெபியனில் அது மூன்றாம் முறை பொதியப்பட்டதைச் சொல்கிறது. அதுவே 1.2-3.1 என்று இருந்தால், கடைசியாக அதைத் தொட்டவர் அதன் பராமரிப்பாளர் அல்லர். வேறொருவர் கை வைத்திருக்கிறார் என்பதை அந்தப் புள்ளி ஒன்று ஊரறியச் சொல்லிவிடுகிறது.

டெபியன்காரர்கள் இதை என்எம்யு என்கிறார்கள். பராமரிப்பாளர் அல்லாதவர் பதிவேற்றுவது என்று பொருள். ஒரு பொதியில் கடுமையான வழு இருக்கிறது, வாரக்கணக்கில் பராமரிப்பாளரிடமிருந்து பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு உருவாக்குநர் அதைத் திருத்தலாம். ஆனால், நினைத்தபடி மாற்ற முடியாது. வழுவைத் தீர்க்கத் தேவையானதை மட்டுமே தொட வேண்டும். பொதியின் அமைப்பைத் தன் ரசனைக்கு ஏற்பத் திருப்பக் கூடாது. செய்த மாற்றத்தை வரிக்கு வரி அந்த வழுவின் பதிவில் ஒட்ட வேண்டும். பெரும்பாலும், பொதியை உடனே உள்ளே அனுப்பாமல் ஒரு தாமத வரிசையில் வைப்பார்கள். இரண்டு நாளோ, ஐந்து நாளோ, பத்து நாளோ அது அங்கே காத்திருக்கும். அதற்குள் பராமரிப்பாளர் வந்து, "வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல இடம் இருக்கிறது. பயனாளரின் அவசரத்தையும் பராமரிப்பாளரின் மரியாதையையும் இந்தச் சில நாள்கள் சேர்த்தே காப்பாற்றுகின்றன.

பராமரிப்பாளர் நிரந்தரமாக விலகுவதும் இப்படித்தான் ஒழுங்கோடு நடக்கிறது. என்னால் இனி முடியாது என்று பொதுவில் அறிவித்துவிட்டால், அந்தப் பொதி அநாதைப் பட்டியலுக்குப் போகும், விருப்பமுள்ளவர் தத்தெடுக்கலாம். முழுதாக விட மனமில்லை, துணைக்கு ஆள் தேவை என்றால் அதற்குத் தனி அறிவிப்பு. சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனவர்களை விசாரிக்கவே ஒரு குழு இருக்கிறது. நலமா, தொடர்கிறீர்களா, பொதிகளை விட்டுவிடலாமா என்று முதலில் கேட்டு எழுதுகிறார்கள். 2018-ல் இன்னொரு வழியும் சேர்ந்தது. கவனிப்பாரற்றுக் கிடக்கும் பொதியை மீட்க நினைப்பவர், எண்ணத்தைப் பகிரங்கமாக அறிவித்து 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். மறுப்பு வரவில்லை என்றால் பொறுப்பேற்கலாம்.

இப்போது பல பொதிகள் தனிநபர் பெயரில் இல்லாமல் குழுக்களின் பெயரில் இருக்கின்றன. பைத்தானுக்கு ஒரு குழு, ரூபிக்கு ஒரு குழு, அச்சு இயந்திர மென்பொருள்களுக்கு ஒரு குழு. என் கணிப்பில், இது நல்ல திசை.

பொதி பயனாளரிடம் போய்ச் சேரும் பாதை இது. புதிய பதிப்பு முதலில் நிலையற்ற கிளைக்குப் போகும். டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படப் பாத்திரங்களின் பெயர்களை வைப்பார்கள். தொடக்கக் காலத் தலைவர்களில் ஒருவரான புரூஸ் பெரன்ஸ், அந்தப் படத்தை எடுத்த பிக்ஸார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நிலையற்ற கிளைக்கு எப்போதும் ஒரே பெயர்தான்: 'சிட்'. அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவன். நிலையற்ற கிளையில் சில நாள்கள் இருந்து, புதிதாகக் கடுமையான வழு எதுவும் வராமல், தன்னால் வேறு பொதி எதுவும் உடையாமல் இருந்தால், பொதி சோதனைக் கிளைக்கு நகரும். இதை முடிவு செய்வது 'பிரிட்னி' என்ற நிரல். சோதனைக் கிளை சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உறைய வைக்கப்பட்டு, வழுக்கள் களையப்பட்டு, நிலையான பதிப்பாக வெளிவருகிறது.

ஒரு பொதியில் செய்யும் மாற்றம் நூற்றுக்கணக்கான பொதிகளைத் தொடும்போதுதான் ஒருங்கிணைப்பு என்பதன் முழு எடையும் தெரியும். 32 பிட் கணினிகளில் நேரத்தை நொடிகளாக எண்ணும் பழைய முறை 2038 ஜனவரி 19-க்கு மேல் எண்ண முடியாமல் நின்றுவிடும். இதைச் சரிசெய்ய 2024-ல் டெபியனில் ஏராளமான நிரலகங்களின் பெயர்களில் 'டி64' என்ற ஒட்டு சேர்க்கப்பட்டது. அவற்றைச் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான பொதிகள் மறுபடியும் கட்டப்பட்டன. ஒவ்வொரு பராமரிப்பாளரும் தாமாக முன்வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால் 2038 வந்திருக்கும். ஒரு சிறு அணி, மேலே சொன்ன என்எம்யு வழியிலேயே பொதி பொதியாகப் போய்ப் பெரும்பகுதியை முடித்தது. தன் பொதியை இன்னொருவர் தொடுவதை அவமானமாகக் கருதாத பழக்கம் இல்லாமல் இது நடந்திருக்காது.

இந்த ஏற்பாடு சறுக்கிய கதையும் உண்டு. 2006-ல், தகவல்களை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியைச் சோதித்த ஒரு கருவி, தொடக்க மதிப்பு தரப்படாத நினைவகத்தை நிரல் படிப்பதாக எச்சரித்தது. அந்த எச்சரிக்கை வராமல் இருக்க, பராமரிப்பாளர் சில வரிகளைச் செயலிழக்கச் செய்தார். மூல உருவாக்குநர்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். ஆனால், கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் இடையில் முக்கியமான ஒன்று நழுவிவிட்டது. நீக்கப்பட்டதில் ஒரு வரிதான், ரகசியச் சாவிகளைக் கணிக்க முடியாதபடி உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையை உள்ளே கொண்டுவந்த வரி. அதற்குப் பிறகு மாறுபட்டது செயல்முறை எண் ஒன்று மட்டும்தான். ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்தில் உருவாகக்கூடிய சாவிகள் 32,768-க்குள் அடங்கிவிட்டன. ஒருவர் உட்கார்ந்து அத்தனையையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். டெபியன் உருவாக்குநரான லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13-ல் எச்சரிக்கை வெளியாகும்வரை, ஏறக்குறைய இருபது மாதங்கள் யாரும் கவனிக்கவில்லை. உபுண்டு உட்பட வழிவந்த இயங்குதளங்களிலும் சாவிகளை எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றம் மறைத்துச் செய்யப்பட்டதல்ல, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் கிடந்தது. பார்க்கக்கூடியதாக இருப்பதும் ஒருவர் பார்ப்பதும் ஒன்றல்ல.

2024-ல் வந்தது தவறல்ல, தாக்குதல். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் உலகில் அது இல்லாத இடமே இல்லை. அதைப் பல ஆண்டுகள் தனியாளாகப் பராமரித்தவர், மனநலப் பிரச்சினைகளால் வேலை மந்தமானதை 2022-ல் வெளிப்படையாகவே சொன்னார். அதே நேரத்தில், முன்பின் அறியாத சில பெயர்கள், பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று அவரை நெருக்கின. உதவ வந்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கினார். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்தபின், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய ஒரு புறவாசலைப் புதைத்தார். டெபியன் போன்ற சில இயங்குதளங்கள், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையில் தாமாகச் சேர்த்திருந்த ஒரு சிறு ஒட்டு, அந்தப் புறவாசலுக்கு வழியாக அமைந்தது.

டெபியனுக்குள் 5.6.1-ஐக் கொண்டுவரவும் ஒரு புதிய பெயர் முயன்றது. பொதியைத் தயாரித்து எடுத்துவந்து, உருவாக்குநர் யாராவது இதைப் பதிவேற்றித் தாருங்கள் என்று அது கேட்டது என்எம்யு வழியில்தான். நல்லெண்ணத்துக்காகத் திறந்து வைத்த கதவை எதிரியும் தட்டுவான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும், கதவை மூடிவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்இசட் வீழ்ந்தது, களைத்துப்போன ஒருவர் பாரத்தை இறக்கி வைக்க ஒழுங்கான இடமில்லாமல், வந்த முதல் கையில் கொடுக்க நேர்ந்ததால். கைமாற்ற விதிகள் இல்லாத இடம்தான் பலவீனமாக இருந்தது.

மார்ச் 29-ல் உண்மை வெளியானது. போஸ்ட்கிரஸ் தரவுத்தள உருவாக்குநரான ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட், டெபியன் சிட் ஓடிய தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு துருவியிருக்கிறார். நிலையான பதிப்பை அந்தப் புறவாசல் எட்டவே இல்லை. மேலே சொன்ன காத்திருப்புப் பாதையின் பயன் அது. டெபியன் உடனே பழைய 5.4.5-க்குத் திரும்பியது. பதிப்பு எண் எப்போதும் ஏற வேண்டும், இறங்கக் கூடாது என்பதால், திருத்திய பொதிக்கு 5.6.1+ரியலி5.4.5 என்று எண் கொடுத்தார்கள். என்ன நடந்தது என்பதை எண்ணே சொல்கிறது.

ஆள் அடையாளத்தில் டெபியன் காட்டும் பிடிவாதம் இந்த இடத்தில்தான் புரிகிறது. களஞ்சியத்துக்குள் வரும் ஒவ்வொரு பொதியும் உரிமை பெற்ற ஒருவரின் டிஜிட்டல் சாவியால் கையொப்பம் இடப்பட வேண்டும். அந்தச் சாவியை ஏற்கெனவே உருவாக்குநராக இருப்பவர்கள் உறுதி செய்ய வேண்டும். வழக்கமாக நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்துச் செய்வார்கள். ஆண்டு மாநாடுகளில் அதற்கென்றே நேரம் ஒதுக்குவார்கள். 2023 செப்டம்பரில் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரத்தில் ஒரு சிறு டெபியன் மாநாடு நடந்தது.

புதியவர் ஒருவருக்குத் தொடக்கத்தில் பதிவேற்றும் உரிமை இருக்காது. அவர் தயாரிக்கும் பொதியை ஓர் உருவாக்குநர் சரிபார்த்துத் தன் கையொப்பத்தில் அனுப்புவார். சில காலம் கழித்து, குறிப்பிட்ட பொதிகளுக்கு மட்டும் உரிமை கிடைக்கும். முழு உருவாக்குநராக ஆண்டுகள்கூட ஆகலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் மொழிபெயர்ப்பு, ஆவணம், வடிவமைப்பு வழியாக உறுப்பினராகி, ஆண்டுதோறும் நடக்கும் தலைவர் தேர்தலில் வாக்களிக்கலாம்.

டெபியனையோ உபுண்டுவையோ ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்கு எளிய தொடக்கம் ஒன்று உண்டு. 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்' என்ற பெயரில் ஒரு பொதி களஞ்சியத்தில் இருக்கிறது. அதை நிறுவினால், அடுத்த முறை எதையாவது நிறுவும்போது, உங்கள் கணினியில் இருக்கும் பொதிகளில் எவை அநாதையாகிவிட்டன, எவற்றின் பராமரிப்பாளர் துணைக்கு ஆள் தேடுகிறார், எந்த வழு புதியவர் கைக்கு அடங்கும் என்று பட்டியல் போட்டுக் காட்டும்.