நாட்காட்டித் தொழிலின் பருவம்

சிவகாசி என்றவுடன் தீப்பெட்டியும் பட்டாசுமே நினைவிற்கு வரும். 1922-ஆம் ஆண்டிற் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்ட அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவரால் அத்தொழில் அங்கு வேரூன்றிற்று. தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழிலும் உடன் வளர்ந்தது. அவ்வூர்ச் சிற்றச்சகங்கள் பலவற்றிற்கு நாட்காட்டி அடிக்கும் சில திங்களே அறுவடைக்காலமாகும்.

இவ்வணிகத்தின் இடர் யாதெனில், சரக்கின் ஆயுள் குறுகியதென்பதே. தீபாவளிக்கு விலையாகாத புடவை பொங்கலுக்கு விலையாகும். தைத் திங்கள் கழிந்த நாட்காட்டியோ பழந்தாளாக எடைக்கே போகும். ஆதலின் ஆயத்தம் ஆடியிலேயே தொடங்குகின்றது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டிற்குரிய மாதிரி ஆல்பத்தை வெளியிடுதல் ஆங்கு வழக்கம். முகவர் அதனை ஊர்தோறும் எடுத்துச் சென்று, நகைக்கடை, ஜவுளிக்கடை முதலியவற்றின் உரிமையாளரிடம் ஆர்டர் பெறுவர்.

படம் பொறித்த அட்டைகளை முன்னரே அச்சிட்டு அடுக்கிவைக்கலாம். கடைப்பெயரை ஆர்டர் வந்தபின் சேர்க்கலாம். தொல்லை தருவது தேதித்தாளே. திதி, நட்சத்திரம், இராகுகாலம் ஆகியவற்றைப் பஞ்சாங்கத்தினின்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விடுமுறை நாள்களைச் சிவப்பில் அடித்தல் வேண்டுமன்றோ? அரசாங்கத்தின் விடுமுறைப் பட்டியல் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரிலேயே வெளிவரும். ஆயிரம் நாட்காட்டிக்கு 3,65,000 தேதித்தாள் வேண்டும். அவற்றை அச்சிட்டு, வெட்டி, அடுக்கித் தைப்பதற்கு எஞ்சியிருப்பன சில வாரங்களே. அவ்வாரங்களிலேதான் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஈரக்காற்றில் தாள் நெளியும். மையும் பசையும் உலரத் தாமதிக்கும். தீபாவளியை ஒட்டித் தொழிலாளரும் விடுப்பிற் செல்வர். எனவே இயந்திரத்தைப் பழுதுபார்த்தல், தாளை நனையாவிடத்திற் சேமித்தல், தைப்போர்க்கு முன்பணம் கொடுத்து அமர்த்துதல் ஆகிய யாவும் புரட்டாசிக்குள் முடிந்திருத்தல் வேண்டும்.

தாள் கொள்முதலே முதலாளியின் மதியை அளக்கும் இடம். கடன்பட்டு முழுவதையும் ஆடியில் வாங்கின் வட்டி தின்னும். ஐப்பசி வரை பொறுப்பின், எல்லாரும் ஒருங்கே வாங்குதலால் விலை ஏறவும் கூடும். சென்ற ஆண்டு விற்றதிற் பாதிக்குரிய தாளை முன்னரும், எஞ்சியதை ஆர்டருக்குரிய முன்பணம் கைக்கு வந்தபின்னும் வாங்குதலே சிறு முதலுடையார்க்குத் தகுமென்பது எம் கருத்து. மார்கழியில் வந்து கெஞ்சும் ஆர்டரை மறுக்கும் துணிவும் வேண்டும். அதனை ஏற்பின் ஆவணியில் ஒப்பியவர்க்குரிய சரக்குப் பிந்தும்.

தை பிறந்ததும் அதே இயந்திரம் திருமண அழைப்பிதழுக்குத் திரும்பும். நாட்காட்டிக்குரிய பாக்கியோ முகவர் பலமுறை நடந்தபின்னரே வந்துசேரும்.