கல்லறையிலிருந்து ஒரு குரல்

தோளைத் தொடும் முடி, தாடி, பெல்பாட்டம். 'கிரேவ்யார்ட்' குழுவின் புகைப்படத்தைக் காட்டி 1971இல் எடுத்தது என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பாட்டைப் போட்டால் சந்தேகம் இன்னும் குறையும். ஆனால் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் இந்தக் குழு பிறந்தது 2006இல்தான். லெட் செப்லினும் பிளாக் சபாத்தும் உச்சத்தில் இருந்த நாட்களில் இவர்களில் யாருக்கும் கிட்டார் தூக்கும் வயதில்லை.

கோத்தன்பர்க் இப்படியொரு குழுவை எதிர்பார்க்கக்கூடிய ஊரல்ல. அட் த கேட்ஸ், இன் ஃப்ளேம்ஸ் போன்ற குழுக்கள் 1990களில் அசுர வேக டெத் மெட்டலுக்கு உலக முகவரி தேடித்தந்த ஊர் அது. அந்த வேகம் ஒரு கட்டத்தில் சிலருக்கு அலுத்திருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் என்டூம்ட் என்ற டெத் மெட்டல் குழுவின் டிரம்மர் நிக்கே ஆண்டர்சன், 1994இலேயே ஹெலகாப்டர்ஸ் என்ற பழைய பாணி ராக் குழுவைத் தொடங்கி, கிட்டாரோடு மைக் முன்னால் வந்து நின்றார். ஓரெப்ரோவில் நோர்ஷேன் என்ற இன்னொரு குழு. 2000இல் அது கலைந்தபோது மாக்னஸ் பெலாண்டர் 'விட்ச்கிராஃப்ட்' குழுவைத் தொடங்கினார். அதே நோர்ஷேனில் இருந்த யோவகிம் நில்சனும் ரிக்கார்ட் எட்லுண்டும் பிறகு கிரேவ்யார்டில் கைகோத்தார்கள். சொற்பக் கட்டணத்தில் பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுத்தரும் நகராட்சி இசைப் பள்ளிகள், ஒத்திகைக்கு இடமும் உதவித்தொகையும் தரும் கல்வி வட்டங்கள் என்று அந்த நாட்டில் வசதிகளுக்கும் குறைவில்லை.

"வெறும் காப்பி" என்ற குற்றச்சாட்டு ஆரம்பத்திலிருந்தே உண்டு. முதல் ஆல்பத்தைப் பொறுத்தவரை அதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. 2011இல் வந்த 'ஹிசிங்கன் ப்ளூஸ்' கதையை மாற்றியது. ஹிசிங்கன் என்பது கோத்தன்பர்க்கின் ஒரு பகுதியான தீவு. கப்பல் கட்டும் தளங்களும் வோல்வோ தொழிற்சாலையுமாக உழைப்பாளிகள் நிறைந்த பகுதி. 1970களின் நெருக்கடியில் கப்பல் தளங்கள் நொடித்துப்போயின. மிஸிசிப்பியில் பிறந்த ப்ளூஸைத் தங்கள் பேட்டைப் பெயரோடு ஒட்டவைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் வாசிப்பிலும் இருக்கிறது.

முக்கியமாக நில்சனின் குரல். பயிற்சி பெற்ற குரல் என்று சொல்ல முடியாது. மேலே போகும்போது கரகரத்து, உடைகிற எல்லையில் நின்று திரும்புகிறது. அடுத்த வரியில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலத் தணிகிறது. 'ஹிசிங்கன் ப்ளூஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'த சைரன்' இதற்குச் சரியான உதாரணம். ஏறக்குறைய முணுமுணுப்பாகத் தொடங்கும் பாட்டு, கேட்பவர் ஆசுவாசமாகச் சாய்ந்த நேரத்தில் வெடிக்கிறது. திரும்பவும் அடங்குகிறது. சத்தத்தைவிட அந்த அடங்கலில்தான் பயம் இருக்கிறது. முழுப் பாட்டையும் ஒரே உச்சத்தில் வைத்திருக்கும் இன்றைய ஒலிப்பதிவுகளில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு இடமே கிடைப்பதில்லை. ஆக்சல் ஷோபெரியின் டிரம்ஸும் அப்படித்தான். இயந்திரத் துல்லியம் கிடையாது. கிட்டார் மூச்சு வாங்கினால் காத்திருக்கும், முந்தினால் துரத்தும். பழைய காலத்திலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் உருப்படியானது இந்தப் பழக்கம்தான். பெல்பாட்டம் அல்ல.

'லைட்ஸ் அவுட்' (2012) சுமார் 35 நிமிடங்களில் முடிந்துவிடும் ஆல்பம். இன்னும் கசப்பானது, அரசியல் கோபம் கொண்டது. அதன் பிறகு விரிசல். எட்லுண்ட் விலக, குழுவின் தொடக்கக்கால கிட்டாரிஸ்ட் ட்ருல்ஸ் மோர்க் பாஸ் கிட்டாருடன் திரும்பி வந்தார். 2015இல் ஓர் ஆல்பம். 2016 செப்டம்பரில் குழு கலைந்ததாக அறிவிப்பு.

ரசிகர்கள் துக்கம் அனுசரித்து முடிப்பதற்குள், 2017 தொடக்கத்தில், கிரேவ்யார்ட் எழுந்து வந்துவிட்டது. பெயருக்கேற்ற காரியம்தான். ஆனால் ஷோபெரி வரவில்லை. ஆஸ்கர் பெரியன்ஹைம் டிரம்ஸில் அமர்ந்தார். 2018இல் வந்த 'பீஸ்' ஆல்பத்தில் தாளம் கச்சிதமாக இருக்கிறது. அந்தப் பழைய துரத்தல் மட்டும் கொஞ்சம் குறைச்சல்.

2023இல் வெளியான ஆறாவது ஆல்பத்துக்குப் பெயரே '6'. வேகத்தை இறக்கிவைத்துவிட்ட ஆல்பம். நில்சன் பெரும்பாலும் தாழ்ந்த குரலிலேயே பாடுகிறார். பழைய அலறலை எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் முறை ஏமாற்றமாகத்தான் இருக்கும். அவர்கள் ஊர் அடங்கிய பிறகு, ஒலியைக் குறைத்துவைத்து, இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம்.